விடு சார் ஒரு சொல்லை விட்ட கதை

ரயில் நிலையத்தின் நான்காம் நடைமேடைக் கோடியில், பார்சல் அலுவலகத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவே, ஒரு நீளமான அறை இருக்கிறது. வாசலில் 'தொலைந்த பொருள்கள்' என்று பலகை. உள்ளே போனால் முதலில் குடைகள். நாலு அலமாரி முழுக்கக் குடைகள். அப்புறம் சாப்பாட்டு டப்பாக்கள், மூக்குக்கண்ணாடிகள், நரம்பு அறுந்த ஒரு கிதார், இரண்டு பல்செட்டு, ஒரு கூடை நிறைய ஒற்றைச் செருப்புகள். ஒற்றைச் செருப்போடு அந்த ஆள் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். இருபத்திரண்டு வருஷமாக அங்கே கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கே அது தெரியாது.

அந்தக் கவுண்டர்காரருக்கு நிலையம் முழுக்க 'விடு சார்' என்றுதான் பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பாரா என்பதே சந்தேகம். குடையைத் தொலைத்துவிட்டு யாராவது பதறிக்கொண்டு வந்தால், "விடுங்க, மழைக்காலம்தான் முடியப் போகுதே" என்பார். டப்பாவைத் தொலைத்தவரிடம், "விடுங்க, அதுக்கு மூடி லூஸாத்தான் இருந்திருக்கும்" என்பார். பல்செட்டைத் தொலைத்த ஒரு பெரியவரிடமே "விடுங்க" என்று ஆரம்பித்து, எதிரே இருந்த பொக்கை வாயைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார் என்று டிக்கெட் பரிசோதகர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவரைச் சோம்பேறி என்று நினைத்தால் தப்பு. எதிரே நிற்கிறவர் முகம் வாடினால் அவருக்கு வயிற்றைப் பிசையும். அதை நிறுத்த அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து அந்தச் சொல்தான். சொன்னவருக்கு உடனே குணமாகிவிடும். கேட்டவருக்கும் குணமானதா என்று அவர் விசாரித்ததில்லை.

வீட்டிலும் அதே மருந்துதான். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. டாக்டர்கள் கிறுக்கி அனுப்புவதையெல்லாம் கண்ணாடி போடாமலே படித்துவிடுகிற கெட்டிக்காரி. சாயங்காலம் வந்து, "இன்னிக்குக் கடையில என்ன ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பிப்பாள். மூன்றாவது வாக்கியத்தில் "விடு" வந்து விழும். மகள் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒருவர் ஆரம்பிப்பார், மற்றவர் முடித்துவைப்பார்.

அதிலும் ஒரு கதை நாலு வார்த்தையைத் தாண்டியதே இல்லை.

"அன்னிக்கு உங்க அக்கா வந்தப்ப…" என்பாள்.

"விடு. அக்கா சுபாவமே அப்படி. மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டா."

அவ்வளவுதான், கதை படுத்துவிடும்.

அக்கா என்றால் அவருக்கு உயிர். அம்மா ஷிஃப்டு வேலைக்குப் போன வீட்டில் அவருக்குத் தலை வாரிவிட்டது, வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது, அவரை அடித்தவனைத் தேடிப் போய் அடித்தது எல்லாமே அக்காதான். ஏழு வருஷத்துக்கு முன் அவர்கள் இந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்தபோது, ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தாள். வந்த அன்று மத்தியானமே தலைவலி என்று கிளம்பிவிட்டாள். சமையலறையில் ஏதோ உரசல் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு அக்கா வரவே இல்லை. வாரம் ஒரு போன் என்பது மாதம் ஒன்றாகி, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒன்றாகிவிட்டது. இவர் வருகிறேன் என்றால், "இப்ப வராதடா, வீட்ல வெள்ளையடிக்கிறாங்க" என்பாள். நீ வாயேன் என்றால், "முட்டி வலிடா, படியேற முடியல" என்பாள். இவர்கள் இருப்பது தரைத்தளம். ஏழு வருஷமாக ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்க மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். உள்ளுக்குள் கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும் தனக்குத் தானே அந்த மருந்தைக் கொடுத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலை வண்டியில் ஒரு மூங்கில் கூடை வந்தது. ரயில் பெட்டிகளைக் கூட்டுகிற அம்மா அதைக் கவுண்டரில் வைத்துவிட்டு, "சார், இது மூச்சு விடுது" என்றாள். திறந்தால் உள்ளே, உடம்பை விடக் காது பெரிதாக ஒரு நாய்க்குட்டி. படிவத்தில் 'உள்ளே இருப்பவை' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'நாய் 1' என்று எழுதினார். நாலு நாள் யாரும் தேடி வரவில்லை. உயிருள்ளதை அலமாரியில் வைக்க விதியில் இடமில்லை. ஐந்தாம் நாள் கூடையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மனைவி முகம் சுளிப்பாள் என்று பயந்துகொண்டுதான் வந்தார். அவளோ, "ஐயோ, வாலைப் பாருங்களேன்!" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வால் சுருண்டு இருந்ததால் 'சுருட்டி' என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஒரே வாரத்தில் சாக்ஸ், சோப்பு, சீப்பு, மருந்துக்கடைச் சாவி என்று பாதி வீட்டைச் சுருட்டிக் கட்டிலடியில் சேர்த்ததும், பெயர் இன்னும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

எதற்கும் அவள் கோபப்படவில்லை. புதுச் செருப்பைக் கடித்துக் குதறியபோது சிரித்தாள். சோபாவில் ஈரம் பண்ணியபோது கடிகாரத்தைப் பார்த்து, "தப்பு என்னுதுதான், அஞ்சு மணிக்கே வெளியே கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்றாள். ஆனால் குப்பைத் தொட்டி விஷயத்தில் மட்டும் வேறு ஆளாக மாறிப்போவாள்.

சமையலறையில் இருந்தது காலால் மிதித்தால் மூடி திறக்கிற தொட்டி. சுருட்டி வந்த இரண்டாவது வாரமே மிதிக்கக் கற்றுக்கொண்டது. ஒரு காலால் மிதித்துக்கொண்டே தலையை உள்ளே நுழைப்பது எப்படி என்று அதற்கு யார் வகுப்பு எடுத்தார்களோ! முட்டை ஓடு, டீத்தூள், மீன் முள், வெங்காயத் தோல் என்று ஒவ்வொன்றாக ஹாலுக்குக் கொண்டுவந்து, கண்காட்சிக்கு வைப்பதுபோல் பரப்பிவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்ளும். மூடிமேல் செங்கல் வைத்தார்கள், தொட்டியையே சாய்த்தது. ஸ்டூல் மேல் தூக்கி வைத்தார்கள். ஸ்டூலையும் சேர்த்துச் சாய்த்தது. மருந்துக்கடையிலிருந்து படுகசப்பான ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து விளிம்பில் தடவினார்கள். அதை நக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று பார்த்தது. எந்தப் பாச்சாவும் பலிக்கவில்லை.

ஒரு நாள் இருவரும் ஒன்றாக வீடு திரும்பியபோது, ஹாலில் வழக்கமான கண்காட்சி. சுருட்டியின் வாயில் மட்டும் ஈரமாக ஒரு துணி. அடுப்பு துடைத்துத் தூக்கிப் போட்ட பழந்துணிதான். மனைவி பாய்ந்து போய் அதைப் பிடுங்கினாள்.

"குப்பையில போட்டது குப்பையிலதான் கெடக்கணும். யாரும் வெளிய எடுக்கக் கூடாது. யாரும்!"

"விடு, குட்டிதானே…"

"விட முடியாதுங்க." அவள் குரல் ஏறியது. "உங்க ஆபீஸ்ல என்ன சட்டம்? தொண்ணூறு நாள்ல யாரும் வரலைன்னா சாமானை வெளிய தள்ளிடுவீங்கல்ல? இங்கயும் அதேதான். தொண்ணூறு நாள். அதுக்குள்ள இது குப்பைத் தொட்டிப் பக்கம் போறத நிறுத்தல, ஸ்டேஷன் கேன்டீன்காரர்கிட்ட குடுத்துடுங்க. அவர் கேட்டுட்டுத்தான் இருக்காரு."

விடு சாருக்குப் பகீரென்றது. கேன்டீன் வாசலில் அவரைப் பார்த்து வால் ஆட்டுகிற சுருட்டியைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போக வேண்டும். அது அவரால் ஆகாது. இரண்டே மாதத்தில் அந்தக் காதும் வாலும் அவரை முழுசாக வளைத்துப் போட்டிருந்தன. வேலை விட்டு வந்ததும் காலணியைக் கழற்றும் முன்பே நாயைத் தூக்குகிற ஆளாகிவிட்டார்.

கெடு வைத்தவளே பாடம் சொல்லிக்கொடுக்கவும் முன்வந்தாள். மருந்துக்கடைக்காரி இல்லையா, அளவு தப்பவில்லை. மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன், ஐந்து நிமிஷம். மத்தியான வேளைக்குக் கடையிலிருந்து ஓடி வந்துவிட்டுப் போவாள். மூடிய கைக்குள் ஒரு பிஸ்கட் துண்டை வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை "விடு" என்பாள். சுருட்டி மோந்து, நக்கி, நகத்தால் பிராண்டி, கடைசியில் அலுத்துப்போய் மூக்கை எடுக்கும். எடுத்த நொடியில் மற்றக் கையிலிருந்து பிஸ்கட் கிடைக்கும். அடுத்து தரையில் கிடக்கிற சாக்ஸ். வாயில் கவ்வியதை "விடு" என்றால் போட வேண்டும். அதற்கும் அடுத்தது திறந்த தொட்டி. மூன்றே வாரத்தில் பகலில் எல்லாம் சுத்தமாக வந்துவிட்டது. மீன் முள்ளைக் கவ்வியிருந்தால்கூட "விடு" என்றதும் துப்பிவிட்டு உட்கார்ந்துகொள்ளும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு விடு சார் வீட்டுக்கு வந்தால் படித்ததெல்லாம் போச்சு. தொட்டியில் தலையை விட்டுக்கொண்டிருக்கும். "விடு" என்று கத்தினால் காதை மட்டும் அசைக்கும்.

"சாயங்காலம் ஆனா இதுக்கு மறதி வந்துடுது டாக்டர்" என்று நாய் டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா கண்ணைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். சுருட்டி அதற்குள் மேஜையிலிருந்த பேண்டேஜ் சுருள் ஒன்றை வாய்க்குள் போட்டுக்கொண்டது.

"பகல்ல தங்கமா இருக்கு டாக்டர்" என்றாள் மனைவி. "இவரு வந்துட்டா மட்டும்…"

"விடு, டாக்டர்கிட்ட போயி…"

சுருட்டி பேண்டேஜைப் பாதி வெளியே தள்ளியது. சுற்றிலும் பார்த்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை என்றதும் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டது. டாக்டரம்மா அதைக் கவனித்துவிட்டார்.

"சார், இப்ப நீங்க யாரைப் பார்த்து அதைச் சொன்னீங்க?"

"இவளைப் பார்த்து."

"அது நாய்க்கு எப்படித் தெரியும்?"

மனைவி மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் பேண்டேஜைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வீங்க?"

"எப்பவாவது… ரெண்டு மூணு…"

ஞாயிற்றுக்கிழமை மனைவி காலண்டர் ஓரத்தில் கோடு போட்டு எண்ணினாள். நாற்பத்து மூன்று. மத்தியானம் அவர் தூங்கிய ஒன்றரை மணி நேரம் இதில் சேராது. செய்தி பார்க்கும்போது டிவியைப் பார்த்துச் சொன்னதே ஒன்பது. ஒவ்வொரு தடவையும் சுருட்டி வாயிலிருந்ததைக் கீழே போட்டிருக்கிறது, பிஸ்கட் வருமா என்று பார்த்திருக்கிறது, வரவில்லை. எத்தனை நாள்தான் அதுவும் ஏமாறும்? அந்த ஆள் அப்படித்தான் எதையோ சொல்லிக்கொண்டிருப்பார் என்று அந்த வீட்டில் முன்பே ஒருத்திக்குத் தெரிந்திருந்தது இப்போது நாய்க்கும் தெரிந்துவிட்டது.

"வேற வார்த்தையா மாத்திக்கலாமே?" என்றார் விடு சார் அசடு வழிய. "'போடு'ன்னு சொல்லிக் குடேன்."

"மூணு வாரம் மாரடிச்சுச் சொல்லிக் குடுத்த வார்த்தை. நாய் மாத்தாது. நீங்க மாத்துங்க."

அப்போது நாற்பத்தாறாவது நாள் நடந்துகொண்டிருந்தது.

ஒரு மனுஷனிடம் சிகரெட்டை விடச் சொல்லலாம், சர்க்கரையை விடச் சொல்லலாம். விடுவதையே விடச் சொன்னால் அவன் எங்கே போவான்? வாயைத் திறந்தால் "வி" தானாக வந்து நிற்கும். உடனே மனைவியின் விரல் உயரும். நாயின் காதும் உயரும். மீதியை எச்சிலோடு சேர்த்து விழுங்குவார். விடுமுறை என்று சொல்லக்கூடப் பயந்து 'லீவு' என்றார். எதிர்வீட்டுப் பெண் விடுகதை போட வந்தால் பாத்ரூமுக்குள் போய்விட்டார். விழுங்கிய பிறகும் எதையாவது சொல்லித்தானே ஆக வேண்டும், எதிரே இருப்பவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே? அந்த அவசரத்தில் அவர் வாயில் அகப்பட்டது "அப்புறம்?" என்ற சொல்.

வீட்டில் ஒரு நாக்கு, ஆபீஸில் ஒரு நாக்கு என்று வைத்துக்கொள்ள முடியுமா? கவுண்டரிலும் வாயைக் கட்டிக்கொண்டார். ஒரு பள்ளி டீச்சர் அழாத குறையாக வந்து நின்றார். பரீட்சைத் தாள் கட்டைக் காலை வண்டியில் விட்டுவிட்டாராம். மூன்றாவது பெட்டி. மூன்றாவது பெட்டியில் எதுவும் இல்லை என்று ஏற்கெனவே தகவல் வந்திருந்தது. அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம் என்ன சார்… ஜன்னலோரம் உட்கார்ந்து திருத்திட்டு இருந்தேன்."

"அப்புறம்?"

"முகத்துல வெயில் அடிச்சுது. எழுந்து… அட! அடுத்த பெட்டிக்கு மாறிட்டேன் சார்!"

கட்டு நான்காவது பெட்டியில், மேல் பலகையில் பத்திரமாக இருந்தது. டீச்சர் கவுண்டர் வழியாகவே அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். விடு சார் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இனிமே உங்களை 'அப்புறம் சார்'னு கூப்பிடணுமா?" என்று டிக்கெட் பரிசோதகர் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

வீட்டிலும் விஷயம் சூடுபிடித்தது. சாயங்காலக் கதைகள் நீண்டன. மருந்துக்கடை முதலாளிக்கு ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரும் என்பது, பக்கத்தில் வேலை செய்யும் பெண்ணுக்குத் திருமணம் நின்றுபோனது, அவளே மூன்று மாதமாகக் கால் வலியோடு நின்றுகொண்டு வேலை பார்ப்பது எல்லாம் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. "ஏன் சொல்லல?" என்று கேட்டார். அவள் பார்த்த பார்வையில், அடுத்த நாளே ஒரு ஸ்டூல் வாங்கிக்கொண்டு போய்க் கடையில் போட்டுவிட்டு வந்தார். சுருட்டியும் தேறிக்கொண்டு வந்தது. சாயங்காலத்தில் பத்துக்கு எட்டு தடவை சொன்னபடி கேட்டது.

எழுபத்து நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சமையலறைத் தரையில் இருவரும் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். சுருட்டி ஒரு பட்டாணித் தோலைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் கிடந்தது. மனைவி உரித்த தோலைத் தொட்டியில் போட்டாள், கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"அன்னிக்கு உங்க அக்கா வந்தப்ப…"

"வி…" அவர் விழுங்கினார். "அப்புறம்?"

அவள் நிமிர்ந்தாள். "அப்புறம்னா?"

"அப்புறம் என்ன ஆச்சு? சொல்லு."

ஏழு வருஷமாக நாலாவது வார்த்தையில் நின்றுபோயிருந்த கதை. ஐந்தாவது வார்த்தையை அவளே தேட வேண்டியிருந்தது.

"அண்ணி என் டப்பாவெல்லாம் எடுத்து இடம் மாத்தி வெச்சாங்க. 'இப்படியா ஒருத்தி அடுக்கி வெப்பா'ன்னு கேட்டாங்க. எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு."

இவ்வளவுதான் இருக்கும் என்று அவர் ஏழு வருஷமாக நினைத்திருந்தார். "அப்புறம்?" என்றார், ஒரு பேச்சுக்கு.

"அவங்க கையால பின்னி ரெண்டு தலையணை உறை கொண்டு வந்தாங்கல்ல? சிட்டுக்குருவி போட்டது. அவங்க குளிக்கப் போனப்ப, நான் அதைக் குப்பைத் தொட்டியில போட்டுட்டேன். மேல வெங்காயத் தோலையும் டீத்தூளையும் கொட்டினேன்."

பட்டாணி ஒன்று அவர் விரலிலிருந்து நழுவி உருண்டது. சுருட்டிகூட அதைத் துரத்தவில்லை.

"அவங்க கெளம்பின பிறகு எனக்கு மனசே கேக்கல. எடுத்துத் தொவைச்சு, காய வெச்சு, நாமளே போட்டுக்கலாம்னு போய்த் தொட்டியைக் கெளறினேன். இல்ல. தோல் இருந்துச்சு, தூள் இருந்துச்சு. உறை ரெண்டையும் காணோம். அண்ணி பார்த்துட்டாங்க. எடுத்துட்டும் போயிட்டாங்க. ஒரு வார்த்தை என்னைக் கேக்கல." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த நாய் தொட்டியிலேருந்து ஒவ்வொண்ணா எடுத்துப் போடுறப்பல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருது. உங்ககிட்டச் சொல்லி, போய் மன்னிப்பு கேட்டுடலாம்னு எத்தனை தடவை ஆரம்பிச்சிருக்கேன்? நான் என்னமோ அவங்களைக் குத்தம் சொல்ல வர்றேன்னு நெனைச்சு நீங்க…"

அந்தச் சொல்லை அவளும் சொல்லவில்லை. நாய் பக்கத்தில் இருந்தது.

விடு சாருக்கு அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. அக்காவை ரயில் ஏற்றப் போனபோது, கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கொடு நான் வைத்துக்கொள்கிறேன் என்றதற்கு, "வேணாம்டா, ஈரமா இருக்கு" என்றாள். தண்ணீர் பாட்டில் கசிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

எழுந்து வாசல் வராந்தாவுக்குப் போனார். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். கண் வலிக்க வலிக்க அக்கா ராத்திரியெல்லாம் பின்னியிருப்பாள். அதன்மேல் போய் டீத்தூளா? ஊருக்கெல்லாம் வாரி வழங்கிய மருந்தைத் தானும் ஒரு வாய் போட்டுப் பார்த்தார். கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதிர்ப்பக்கத்துக் கார்களின் நம்பரையெல்லாம் மனப்பாடம் பண்ணிவிட்டார், கோபம் அப்படியே இருந்தது.

தாகம் எடுத்ததும் சமையலறைக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தொட்டியின் மூடி திறந்து கிடந்தது. பட்டாணித் தோல் நிரம்பி வழிந்து மூடியைச் சாயவிடாமல் தாங்கிக்கொண்டிருந்தது. அதன் உச்சியில் மத்தியானச் சாப்பாட்டின் மீன் தலை ஒன்று. மனைவி உள்ளறையில் படுத்திருந்தாள். தொட்டிக்கு ஒரு முழம் தள்ளி சுருட்டி உட்கார்ந்திருந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது. யாரும் எதுவும் சொல்லவில்லை. மீன் தலையைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, பெருமூச்சு ஒன்றை விட்டுவிட்டு எழுந்து வந்து அவர் காலடியில் படுத்துக்கொண்டது.

விடு சார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிஸ்கட் டப்பாவை எடுத்து ஒன்று கொடுத்தார், இரண்டாவதும் கொடுத்தார். தொட்டியை எட்டி மூடினார். அவள் ஒரு நாள் செய்த தப்பை மறுநாளே சொல்ல வந்தாள். ஏழு வருஷமாக அதற்கு மூடி போட்டுக்கொண்டிருந்தது யார்? கோபத்தின் பாதி இடம் மாறி அவர் மேலேயே வந்து உட்கார்ந்தது. மீதிப் பாதி கொஞ்சம் இளகியது.

உள்ளறைக்குப் போனார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போறோம். அங்க வெள்ளையடிச்சாலும் சரி, வீட்டையே இடிச்சாலும் சரி."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "சுருட்டி?"

"அதுவும்தான் வருது."

"தொண்ணூறு நாளுக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கு."

"அது பாஸ் பண்ணிடுச்சு. என் கண்ணால பார்த்தேன்."

அக்கா வீடு இரண்டாவது மாடி. முட்டி வலிக்காரி அறுபத்தெட்டு வயதில் தினமும் நாலு தடவை ஏறி இறங்குகிறாள் என்று கீழ்வீட்டுக்காரர் தானாகவே சொன்னார். கதவைத் திறந்த அக்கா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறீங்க" என்றாள். சுவரில் எங்கும் புது வெள்ளை இல்லை. "உள்ள வாங்க. நாய் கடிக்குமா?"

"செருப்பை மட்டும்தான்" என்றார் தம்பி.

ஹாலில் இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு சின்ன சோபா. சோபாவின் மேல் இரண்டு தலையணைகள். உறைகளில் சிட்டுக்குருவிகள், கண்ணும் மூக்குமாக, கிளியோ என்று சந்தேகம் வருகிற அலகோடு. ஒன்றின் மூலையில் டீத்தூள் கறை. பலமுறை துவைத்தும் போகாமல் வெளிர்மஞ்சளாகத் தங்கியிருந்தது.

மனைவி உட்காரவில்லை. அந்தத் தலையணைக்கு எதிரே போய் நின்றாள். ரயிலில் மூன்று மணி நேரம் வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் ஓடிப்போய்விட்டது.

"அண்ணி… அன்னிக்கு நீங்க வந்தப்ப…"

விடு சார் உதடுகளை இறுக்கிக்கொண்டார். அவருக்கு வயிற்றைப் பிசைந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படிப் பிசைந்ததில்லை. ஒரு சொல் போதும், உடனே நின்றுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

"நான்தான் போட்டேன் அண்ணி. கோபத்துல போட்டேன். அப்புறம் எடுக்கலாம்னு போனேன், இல்ல. அன்னிக்கே ஓடி வந்து சொல்லியிருக்கணும். மன்னிச்சுடுங்க அண்ணி."

அக்கா தலையணையைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். நின்று அழுகிறவளைப் பார்த்தாள். அவள் மூக்கும் சிவந்துவிட்டது.

"உன் டப்பாவையெல்லாம் நான் எடுத்து இடம் மாத்தினதும் தப்புதான். எவ வீட்டு அடுப்படியில போய் எவ அடுக்குறது? வயசாச்சே தவிர அந்தப் புத்தி இல்ல எனக்கு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்துச் சோபாவில் உட்காரவைத்தாள். "அட, விடு."

சொத்தென்று ஒரு சத்தம். நாற்காலிக்கு அடியிலிருந்து அக்காவின் செருப்பு ஒன்று, எச்சிலில் நனைந்து, மூவரின் நடுவே வந்து விழுந்தது. பின்னாலேயே சுருட்டி வந்து நிமிர்ந்து உட்கார்ந்து, மூன்று முகங்களையும் பார்த்தது.

தம்பி சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அதற்குக் கொடுத்தார்.

"என் செருப்பைத் தின்னதுக்குப் பரிசாடா அதுக்கு?" என்றாள் அக்கா.

"இல்லக்கா, விட்டதுக்கு" என்றார். பையில் இன்னொரு பிஸ்கட் இருந்தது. அதை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

அக்காவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் ஓங்கி அவர் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, அதை வாங்கிப் பாதியை உடைத்துப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள்.